கம்பியைத் தாழக் கட்டினால் சேதி பக்கத்தில் விழும்



2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தமானில் நிலம் அதிர்ந்தது; பின்னாலேயே கடல் ஏறி வந்தது. டெலிபோன் தொடர்பு அறுந்து போச்சு. டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர் குழுவும் அப்போது போர்ட் பிளேரில் இருந்தாங்க. பல நாட்டு அமெச்சூர் ரேடியோ அன்பர்களோடு பேசுவதற்காக அந்த மாதம் போனவங்க. அவங்க கருவிதான் அன்றைக்குத் தீவுக்கே வாயாக இருந்தது. 'உயிரோடு இருக்கிறோம்' என்ற சேதி அது வழியாகத்தான் கரையிலிருந்த சொந்தக்காரங்களுக்குப் போச்சு.

இதில் அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பதுதான் சூட்சுமம். போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் 1,300 கி.மீ.க்கு மேல். அதற்குப் பகலில் 20 மீட்டர் வரிசை சரிப்படும். கார் நிகோபாரோ சுமார் 270 கி.மீ.தான். அந்த அலை பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடும்.

கவண்கல் எறிஞ்சிருப்பீங்க. சாய்த்து எறிந்தால் தூரம் போகும். செங்குத்தாக எறிந்தால் கிட்டத்தில் விழும். அதுபோலத்தான் இதுவும். பக்கத்து மாவட்டங்களுக்குப் பகலில் 40 மீட்டர், இரவில் 80 மீட்டர் வரிசை வேண்டும். 40 மீட்டருக்கு 66 அடி ஏரியல் கம்பியை 10, 15 அடி உயரத்தில் கட்டினால் போதும். அலை நேரே மேலே போய், வானில் பட்டு, சுற்றுவட்டாரத்தில் இறங்கும்.

கருவிக்கு 12 வோல்ட் டிராக்டர் பேட்டரி போதும். ஆனால் அரசுத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கினவங்கதான் பேசலாம். புயலில் கோபுரம் சாய்ந்தாலும் கம்பியை மறுபடி கட்டிக்கலாம். ஊருக்கு ஒரு பிள்ளையாவது இதைப் படிக்கட்டும்.