சாம்பியன் ரீஃப்ஸும் அப்பாவின் பேச்சும்

அப்பா கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கியவர். பக்கவாதம் வந்தபின் பேச்சு நின்றது.

1902-லேயே சிவனசமுத்திரத்து மின்சாரம் வந்த ஊர் எங்களுடையது. சுரங்கக் கம்பெனிக்கென்று பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் நாட்டின் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965-ல் மைசூரில் தொடங்கியது. இங்கிருந்து அது நெடுந்தூரம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது, ஆஸ்பத்திரியும் போனது. 20 வருடம் பூட்டிக்கிடந்த அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தை 2021 கொரோனாவில் ஊர்க்காரர்களே கூடிச் சுத்தம் செய்தார்கள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

பேச்சுப் பயிற்சிக்கோ மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருதான் போகவேண்டும். பக்கவாதக்காரரை அந்தக் கூட்டத்தில் எப்படி ஏற்றுவது? கொரோனாவுக்குப் பின் பரவலான வீடியோ பயிற்சிதான் கைகொடுத்தது. தமிழ் தெரிந்த பெண் பயிற்சியாளர் கிடைத்தார். அவர் காட்டிய ஆப்பிள் படத்துக்கு அப்பா வாய் திறக்கவில்லை. "ஐயா எதில சுரங்கத்துக்குள்ள இறங்குவீங்க?" என்று பயிற்சியாளர் கேட்டார். "கேஜு" என்றார் அப்பா. அன்றிலிருந்து ஷாஃப்ட், ஷிஃப்ட், சைரன் என்றே பாடம் நடந்தது.

நோயாளி வாழ்ந்த சொற்களில் தொடங்குவது நல்ல முறை. உங்கள் வீட்டிலும் பேச்சு நின்றவர் இருந்தால், காலம் தாழ்த்தாமல், அவர் மொழி பேசும் பயிற்சியாளரைத் தேடுங்கள்.