உலையிலிருந்து உடலுக்குள்: தாவோ இரசவாதத்தின் கதை

சாவை வெல்லும் மருந்தைத் தேடும் முயற்சி ஹான் காலத்திலேயே சீன அரண்மனையை எட்டியிருந்தது. கி.மு. 133 வாக்கில் லி ஷாவோஜுன் என்பவர் பேரரசர் வூவிடம் ஒரு வழி சொன்னார்: சாதிலிங்கத்தைப் பொன்னாக்கி, அந்தப் பொன்னால் செய்த பாத்திரத்தில் உண்டால் ஆயுள் நீளும். வரலாற்றாசிரியர் சிமா சியான் இதைப் பதிவு செய்துள்ளார்.

உலையில் மருந்து காய்ச்சும் இந்தப் புற இரசவாதத்தை விரித்து எழுதியவர் கே ஹோங் (283–343). செடிகொடிகளைச் சுட்டால் சாம்பலாகும். சாதிலிங்கத்தைச் சுட்டால் பாதரசமாகி, மேலும் பக்குவப்படுத்தினால் மறுபடி சாதிலிங்கமாகவே திரும்பும். ஆகவே அதை உண்டவர் உடலும் அழியாது என்று அவர் வாதிட்டார். மருந்து செய்பவர் மலைக்குச் சென்று, நூறு நாள் நோன்பிருந்து, நீராடித் தூய்மையான பிறகே உலை மூட்ட வேண்டும். ஆவி கசியாதபடி ஏழு பொருள்கள் சேர்ந்த மண்ணைக் குழைத்து மூசையில் பூசுவார்கள்.

தாங் காலத்தில் (618–907) இம்மருந்துகள் பலரைக் கொன்றன. பேரரசர்கள் வூசோங் (846), சுவான்சோங் (859) ஆகியோரின் மரணத்துக்கும் இவையே காரணம் எனப்படுகிறது. வெடியுப்பையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றிய இரசவாதிகளின் சோதனைகளிலிருந்து வெடிமருந்தும் பிறந்தது.

தாவோ தியான மரபு புற இரசவாதத்துக்கு இணையாகவே வளர்ந்தது. 364 முதல் 370 வரை யாங் சி பெற்றதாகக் கூறப்படும் அருள்வாக்குகளிலிருந்து ஷாங்சிங் நெறி எழுந்தது. உடலின் உறுப்புகளில் உறையும் தெய்வங்களை மனக்கண்ணில் காண்பது அதன் முக்கியப் பயிற்சி. சிமா செங்சென் (647–735) அமர்ந்தபடியே தன்னை மறக்கும் தியானத்தைப் படிநிலைகளாக வகுத்தார்.

இவ்விரு மரபுகளும் அக இரசவாதத்தில் ஒன்றாயின. உலை, மூசை, தீ என்னும் சொற்கள் அப்படியே இருந்தன. அவை குறித்த இடம் மட்டும் உடலாயிற்று. ஜாங் போதுவான் 1075-இல் இயற்றிய பாடல்கள் இதன் அடிப்படை நூல். விந்தாற்றலை மூச்சாற்றலாகவும், மூச்சாற்றலை ஆன்ம ஆற்றலாகவும் பக்குவப்படுத்தி, கடைசியில் அதையும் வெறுமையில் கரைப்பதே இதன் பாதை. அடிவயிறு, நெஞ்சு, தலை ஆகிய மூன்றும் அப்பக்குவம் நிகழும் களங்கள்.

வாங் சோங்யாங் (1113–1170) தொடங்கிய சுவான்சென் துறவு நெறி இதையே தன் பயிற்சியாக ஏற்றது. அவருடைய சீடர் சியூ சூஜியிடம் 1222-இல் செங்கிஸ்கான் நீண்ட ஆயுளுக்கு மருந்து கேட்டார். உயிரைப் பேணும் வழி உண்டு, சாகாமைக்கு மருந்து கிடையாது என்பதே அவர் தந்த பதில். சியூ சூஜியின் உடல் அடக்கம் செய்யப்பட்ட பெய்ஜிங் வெண்மேகக் கோவில் இன்றும் சுவான்சென் நெறியின் தலைமை மடங்களுள் ஒன்று.