மருத்துவக் கல்வியில் மாணவர் பங்கேற்பு: சித்தூர், திருப்பதி

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டை ஒட்டியிருக்கும் சித்தூரும் திருப்பதியும் மருத்துவக் கல்விக்குப் பேர்பெற்ற ஊர்கள். ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி (1960), திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993 முதல் இயங்கும் ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனம், அதைச் சார்ந்த ஸ்ரீ பத்மாவதி மகளிர் மருத்துவக் கல்லூரி (2014) ஆகியவை திருப்பதியில் உள்ளன. சித்தூரில் அப்போலோ கல்லூரியும் அம்மாவட்டத்தின் குப்பத்தில் பி.இ.எஸ். கல்லூரியும் இருக்கின்றன.

மாணவர் குறிப்பெடுக்க, ஆசிரியர் மட்டும் பேசும் விரிவுரை முறையே நெடுங்காலம் இங்கும் கோலோச்சியது. 2019இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் அதன் பங்கைக் குறைத்து, சிறுகுழு விவாதத்துக்கும் செய்முறைப் பயிற்சிக்கும் கூடுதல் நேரம் ஒதுக்கியது. முதலாண்டிலேயே மாணவர் நோயாளியைச் சந்திக்கிறார். இரத்த சோகையுள்ள ஒருவரின் கீழ் இமையின் வெளிறிய உட்புறத்தைப் பார்த்தபின் ஹீமோகுளோபின் பாடம் தானாகவே மனத்தில் தங்கும். நோயாளியிடம் பேசும் முறை, அறநெறி, மனப்பான்மை ஆகியவற்றுக்கு ‘ஏட்காம்’ என்ற தனிப்பகுதி உண்டு.

இப்பகுதியில் அந்தப் பேச்சுப் பயிற்சிக்கு மற்ற ஊர்களைவிட முக்கியத்துவம் அதிகம். வார்டில் ஒரு கட்டிலில் தெலுங்கு, அடுத்ததில் தமிழ். குப்பத்தில் கன்னடமும் சேரும். வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது என்பதை நோயாளியின் மொழியில் கேட்கத் தெரியாதவர் நோய் வரலாற்றைச் சரியாக எழுத முடியாது. வெளிமாநில மாணவருக்கு இது பெரிய தடை. எனவேதான் புதிய பாடத்திட்டத்தின் தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழியும் இடம்பெறுகிறது. ஒரு மாணவர் நோயாளியாக நடிக்க, இன்னொருவர் கேள்வி கேட்டுப் பழகுவது செலவில்லாத, பலன்மிக்க உத்தி.

வார்டுக்கு வெளியே, கிராமத்துக்குச் சென்று கற்பதில் முன்னோடி, சித்தூருக்கு அண்டை ஊரான வேலூரின் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. அதன் மாணவர் கிராமத்தில் தங்கி, வீடு வீடாகச் சென்று, மக்களின் உடல்நிலையை அவர்கள் வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்கின்றனர். இன்று ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது தேசிய விதி. பெயரளவுக்குப் படிவம் நிரப்பினால் இதனால் பயனில்லை. ஒரே பாட்டியின் சர்க்கரை அளவை ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் மாணவருக்கு, மாத்திரை ஏன் பாதியில் நிற்கிறது என்பது புரியும்.

பொம்மை உடல்களில் பழகும் திறன் ஆய்வகங்களும், ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ‘ஆஸ்கி’ தேர்வும் மாணவர் பங்கேற்கும் இக்கற்றல் முறைக்குத் துணைநிற்கின்றன. ஆஸ்கியில் மாணவர் நிலையம் நிலையமாகச் சென்று திறனைச் செய்துகாட்டுவார். ஆனால் முதுநிலை நுழைவுத் தேர்வின் பலவுள் தெரிவு வினாக்கள் மாணவரை வார்டிலிருந்து பயிற்சிப் புத்தகத்தின் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கின்றன.