இலைக்குள் ஒளியும் 'கிரீன் பிராட்பில்': அத்திமரம் இல்லையென்றால் இந்தப் பறவை என்னவாகும்?

கோப்பெங் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கம்பார் ஆற்றில் ராஃப்டிங், தெம்புரோங் குகை, உலு கெரோவின் ரஃப்லேசியா பூ. இப்படிப்பட்ட மலையடிவாரக் காடுகளை நம்பி வாழும் ஒரு சின்னப் பறவைதான் 'கிரீன் பிராட்பில்'.

பார்க்க எப்படி இருக்கும்?

உடல் முழுக்கப் பளீர் பச்சை. ஆண் பறவைக்கு இறக்கையில் 3 கறுப்புக் கோடுகள், கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி. பெண் பறவை கொஞ்சம் மங்கலான பச்சை. நீளம் சுமார் 17 சென்டிமீட்டர்தான். இலைகளுக்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால், நேராகப் பார்த்தாலும் உங்கள் கண்ணுக்குப் படாது!

அலகு எங்கே?

பெயரில் 'அகன்ற அலகு' இருக்கிறது, ஆனால் நெற்றி இறகுகள் அதைக் கிட்டத்தட்ட மூடிவிடும். வாயைத் திறந்தால்தான் அகலம் தெரியும். அத்திப்பழத்தை அப்படியே விழுங்க அது உதவுகிறது. விழுங்கிய விதைகள் எச்சத்தோடு வேறு இடத்தில் விழுந்து முளைக்கும். அதாவது, சம்பளமில்லாத தோட்டக்காரர்!

கூடு எப்படி?

மெல்லிய கிளையில் சுரைக்காய் போலத் தொங்கும். வாசல் பக்கவாட்டில் இருக்கும்.

அப்புறம் என்ன பிரச்சினை?

கிந்தா பள்ளத்தாக்கில் முதலில் ஈய லம்பம் வந்தது. பிறகு நம் தாத்தா பாட்டி உழைத்த ரப்பர் தோட்டங்கள், அதன்பின் செம்பனை. ரப்பர் மரமும் செம்பனையும் வரிசை வரிசையாக நின்றாலும் இந்தப் பறவைக்குச் சோறு போடாது. அதற்குத் தேவை அத்திமரங்கள். காட்டில் பல வகை அத்திகள் வெவ்வேறு மாதங்களில் பழுப்பதால், வருடம் முழுக்க எங்காவது ஒரு மரத்தில் உணவு கிடைக்கும். காடு துண்டு துண்டானால் அந்தத் தொடர் அறுந்துவிடும்.

சிங்கப்பூரில் நடந்தது அதற்குச் சாட்சி. அங்கே 20ஆம் நூற்றாண்டில் இந்த இனம் மறைந்துபோனது. 2021இல் உபின் தீவில் ஒன்று தென்பட்டபோது பறவை ஆர்வலர்கள் உற்சாகத்தில் துள்ளினார்கள். அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இது 'அச்சுறுத்தலை நெருங்கும்' இனம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை உலு கெரோ பக்கம் போனால், பழுத்த அத்திமரத்தின் கீழே சத்தமில்லாமல் காத்திருங்கள். கூட்டைக் கண்டால் நெருங்காதீர்கள். அந்த மரம் 'வெறும் காட்டுமரம்' இல்லை என்பதை நான்கு பேருக்குச் சொல்லுங்கள்.