ஆட்டுப் பட்டியில் தொடங்கிய மருத்துவம்

பிள்ளைகளின் மூளையில் வரும் ஒரு கட்டிக்கு மருந்து தேடிய வரலாறு, ஓர் ஆட்டுப் பட்டியில் தொடங்கியது என்றால் நம்புவீர்களா?

1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து மலைகளில் மேய்ந்த செம்மறி ஆடுகள் சில, நெற்றியில் ஒற்றைக் கண்ணுள்ள குட்டிகளை ஈன்றன. சினையான 14ஆம் நாள் வாக்கில் தாயாடு ஒரு காட்டுச் செடியைத் தின்றதே அதற்குக் காரணம் என்று ஆராய்ந்து கண்டார்கள். அச்செடியிலிருந்த நஞ்சுக்குச் சைக்ளோபமைன் என்று பெயரிட்டார்கள். அது குட்டியை எப்படிக் கெடுத்தது என்பது மட்டும் பல்லாண்டுகள் விளங்கவில்லை.

விளக்கத்திற்கு வழி காட்டியது ஒரு சிறிய பழ ஈ. 1980-ல் ஜெர்மனியில் நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷௌஸ் என்னும் இருவர், அந்த ஈயின் உடல் உருவாவதை நடத்தும் மரபணுக்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று பழுதானால் ஈயின் புழு முள்முள்ளாக இருக்கும். ஆகவே அதற்கு 'முள்ளெலி' என்று பெயர் வைத்தனர். 1995-ல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இதே வகை மரபணு ஆட்டிலும் உண்டு; மனிதரிலும் உண்டு.

அதன் வேலை என்ன? காலைப் பெரட்டில் துரையின் உத்தரவு கிராணிக்கும், கிராணியிடமிருந்து மண்டோருக்கும், மண்டோரிடமிருந்து வேலையாளுக்கும் போகுமல்லவா? அதுபோல, 'வளர்' என்னும் உத்தரவு கைமாறிக் கைமாறி உயிரணுவின் உள்ளே போகிறது. வேலை முடிந்ததும் உத்தரவு நிற்க வேண்டும். நிறுத்தும் மரபணு கெட்டுவிட்டால் உயிரணுக்கள் ஓயாமல் பெருகிக் கட்டியாகின்றன. சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி வருபவையே.

ஆட்டுக்குட்டியைக் கெடுத்த நஞ்சு இந்த உத்தரவைத்தான் தடுத்தது என்று 1998-ல் தெரிந்தது. 2002-ல் அதே நஞ்சு எலிகளின் மூளைக் கட்டியை அடக்கியது. பிறகு அதே வேலையைச் செய்யும் விஸ்மோடெகிப் என்னும் மருந்து வந்தது. 26 வயது நோயாளி ஒருவருக்கு அதைக் கொடுத்தபோது கட்டிகள் விரைந்து சுருங்கின. சில மாதங்களில் மீண்டும் வளர்ந்தன. மருந்து பற்றும் இடத்தையே கட்டி மாற்றிக்கொண்டிருந்தது. இது 2009-ல் வெளியான செய்தி.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளையின் எலும்பு வளர்வதற்கும் அதே உத்தரவு வேண்டும். அதைத் தடுத்தால் எலும்பின் வளர்ச்சி முன்கூட்டியே நின்றுவிடும். ஆகையால் வளரும் குழந்தைகளுக்கு இம்மருந்தைக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அறுவையும் கதிர்வீச்சும் வேறு மருந்துகளுமே இன்றும் முதன்மைச் சிகிச்சை.

எனினும் தேடல் நிற்கவில்லை. வேறோர் உத்தரவுப் பாதையை அடைக்கும் இரண்டு மருந்துகளை, மெதுவாக வளரும் ஒருவகை மூளைக் கட்டியுள்ள குழந்தைகளுக்குச் சேர்த்துக் கொடுக்க 2023-ல் அமெரிக்கா அனுமதித்தது.

பெற்றோர்களே, பிள்ளை காலையில் எழுந்ததும் அடிக்கடி தலைவலி என்று அழுது வாந்தி எடுத்தாலோ, நடை தள்ளாடினாலோ, வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்த மருந்தும் பயன்பட வேண்டுமானால், நோய் முதலில் தெரிய வேண்டும். அதை முதலில் காணும் கண்கள் உங்களுடையவையே.