சுரங்கப்பாதையில் தண்ணீர், தண்டவாளத்தில் உயிர்! மழை நாளில் மின்சார ரெயில் ஏன் நிற்கிறது? முழு விவரம்

சென்னை:

ஒரு மணி நேரம் விடாமல் மழை கொட்டினால் போதும். சென்னையில் இரண்டு விஷயம் கண்டிப்பாக நடக்கும். ஒன்று, ரெயில் பாதைக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி நிற்கும். இன்னொன்று, மேலே ஓடும் மின்சார ரெயில் ஊர்ந்து போகும் அல்லது அப்படியே நின்று விடும்.

கீழேயும் போக முடியாது, மேலேயும் ரெயில் இல்லை. இந்த நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் செய்வது மூன்றாவது விஷயம். நேராக தண்டவாளத்தில் இறங்கி குறுக்கே நடக்கிறார்கள். மழையை விட பெரிய ஆபத்து அதுதான்.

வருடா வருடம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை காலத்தில் பயணிகள் படும் இந்த அவதிக்கு என்ன காரணம்? அன்றைக்கு என்ன செய்யலாம்? இதோ விவரம்:-

எங்கெங்கே தண்ணீர் நிற்கும்?

சென்னை மாநகராட்சி கணக்கில் 22 சுரங்கப்பாதைகள் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை ரெயில் பாதைக்கு அடியில் போகிறவைதான். வியாசர்பாடி கணேசபுரம், தி.நகர்-மேற்கு மாம்பலத்தை இணைக்கும் துரைசாமி, அரங்கநாதன், ரங்கராஜபுரம், வில்லிவாக்கம், பழவந்தாங்கல், தில்லை கங்கா நகர் என்று சொல்லிக் கொண்டே போகலாம். மழைக்காலம் வந்தாலே இந்தப் பெயர்கள் தினமும் செய்தியில் அடிபடும்.

காரணம் ரொம்ப சிம்பிள். ரெயில் பாதையை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. அதனால் ரோட்டைத்தான் பள்ளமாகத் தோண்டி கீழே விட்டிருக்கிறார்கள். சுற்றியுள்ள தெருக்களை விட சுரங்கப்பாதை தாழ்வாக இருக்கும். நாலு தெரு தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும்.

மோட்டார் பம்பு இருந்தும் ஏன் வடியவில்லை?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பம்பு வைத்து இறைக்கிறார்கள், உண்மைதான். இறைத்த தண்ணீர் எங்கே போகும்? மழைநீர் கால்வாய்க்குப் போகும். அங்கிருந்து ஓட்டேரி நல்லா, கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும்.

கால்வாயே நிரம்பி வழிந்தால் பம்பு என்ன செய்யும்? கடலில் அலை ஏறி இருக்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் தண்ணீர் சீக்கிரம் உள்வாங்காது. அப்போது இறைத்த தண்ணீர் திரும்பவும் தெருவுக்கே வரும். கரண்ட் கட்டானால் ஜெனரேட்டர் வைக்க வேண்டும். குப்பையும் பிளாஸ்டிக் கவரும் அடைத்துக் கொண்டால் அதுவும் வேலைக்கு ஆகாது.

ரெயில் ஏன் நிற்கிறது?

மேலே உயரத்தில் ஓடும் ரெயிலுக்குத் தண்ணீரால் என்ன வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று காரணங்கள் உண்டு.

* சிக்னல்: தண்டவாளத்தில் குறைந்த அளவு மின்சாரம் ஓடிக் கொண்டே இருக்கும். ரெயில் வந்து நின்றால் சக்கரம் வழியாக அந்த மின்சாரம் திசை மாறும். அதை வைத்துத்தான் "இங்கே ரெயில் இருக்கிறது" என்று சிக்னலுக்குத் தெரியும். தண்ணீர் தேங்கினால் மின்சாரம் கசிந்து விடும். ரெயில் இல்லாத இடத்திலும் ரெயில் இருப்பதாக நினைத்து சிவப்பு விளக்கு எரியும். சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் அதன் ஏற்பாடு. இது நம்ம பாதுகாப்புக்காகத்தான்.

* பாயிண்டு: ரெயிலை ஒரு தடத்தில் இருந்து இன்னொரு தடத்துக்கு மாற்றும் மோட்டார், தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே தரையோடு இருக்கிறது. அது மூழ்கினால் தடம் மாற்றுவதில் கோளாறு வரும்.

* மோட்டார்: மின்சார ரெயிலை இழுக்கும் மோட்டார்கள் பெட்டிக்கு அடியில், சக்கரத்தோடு இருக்கின்றன. தண்டவாளம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் மோட்டார் பழுதாகி, நடுவழியில் ரெயில் மாட்டிக் கொள்ளும். அதனால்தான் மெதுவாக ஓட்டுகிறார்கள் அல்லது நிறுத்தி விடுகிறார்கள்.

வியாசர்பாடி 14-ம் நம்பர் பாலம்

சென்டிரலில் இருந்து அரக்கோணம் பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பாலத்தின் பெயர் மனப்பாடம் ஆகியிருக்கும். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் இருக்கிறது. இந்தப் பகுதியில்தான் ஓட்டேரி நல்லா தண்ணீர் பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. வடசென்னையின் பல இடங்களில் பெய்யும் மழைத் தண்ணீர் இங்கே வந்துதான் கடலுக்குப் போக வேண்டும்.

2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந்தேதி மிச்சாங் புயல் மழையில் இந்தப் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியது. கோவை எக்ஸ்பிரஸ், பெங்களூரு பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் உள்பட சென்டிரலில் இருந்து புறப்படும் பல ரெயில்கள் ரத்தாகின. புறநகர் மின்சார ரெயில்களும் நின்றன. 2024 அக்டோபர் மழையிலும் இதே இடத்தில் தண்ணீர் தேங்கி ரெயில்கள் பாதிக்கப்பட்டன.

பாலத்தின் இரும்பு வரை தண்ணீர் ஏறினால், வெள்ளத்தின் வேகம் பாலத்தையே தள்ளும். தூணுக்கு அடியில் இருக்கும் மண்ணையும் அரிக்கும். மேலே பார்த்தால் தண்டவாளம் நன்றாகத்தான் தெரியும். ஆனால் ஆயிரக்கணக்கான பேர் ஏறிய ரெயிலை அதன் மேல் விட முடியாது. தண்ணீர் இறங்கி, சோதனை செய்த பிறகுதான் ரெயிலை விடுவார்கள்.

தாம்பரம் மார்க்கமும் தப்பவில்லை. 2015 டிசம்பர் 1-ந்தேதி பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டி மீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டு ஓட, மின்சார ரெயில் சேவை முடங்கி, மக்கள் தவியாய் தவித்தனர்.

தண்டவாளத்தில் இறங்காதீங்க!

சுரங்கப்பாதை மூடியிருந்தால் சுற்றிப் போக அரை மணி நேரம் ஆகும். லேட்டானால் கம்பெனியில் டோஸ் விழும், தினக்கூலிக்குப் போகிறவருக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். அந்த அவசரத்தில்தான் பலர் தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். ஸ்கூல் பிள்ளையைத் தோளில் தூக்கிக் கொண்டு கடப்பவர்களும் உண்டு.

மழையில் குடை பிடித்தால் பக்கவாட்டுப் பார்வை மறையும். மழைச் சத்தத்தில் ஹாரன் கேட்காது. பீச்-தாம்பரம் மார்க்கத்தில் பல இடங்களில் 3, 4 தடங்கள் உள்ளன. ஒரு ரெயில் போனதும் கடந்தால், அடுத்த தடத்தில் எதிரில் வரும் ரெயில் தெரியாது. டிரைவர் பார்த்து பிரேக் போட்டாலும் ரெயில் சில நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

1989-ம் வருட ரெயில்வே சட்டம் 147-வது பிரிவில், அத்துமீறி தண்டவாளத்தில் நுழைந்தால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அபராதத்தைக் கட்டிவிடலாம். போன உயிரை எந்தக் கவுண்டரில் வாங்குவது?

அன்றைக்கு என்ன செய்யலாம்?

* வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே 139-க்கு போன் செய்து ரெயில் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

* சுரங்கப்பாதையில் தண்ணீர், மரம் விழுந்தது, கால்வாய் அடைப்பு என்றால் மாநகராட்சி எண் 1913-ல் புகார் சொல்லலாம்.

* தாம்பரம் பக்கம் இருந்து வருகிறவர்கள் பஸ்சில் விமான நிலையம் வரை வந்து மெட்ரோ ரெயில் பிடிக்கலாம். கிண்டி, பரங்கிமலையிலும் மாறலாம். ஆனால் 2023 டிசம்பர் மழையில் பரங்கிமலை மெட்ரோ நிலைய வாசலிலேயே 4 அடி தண்ணீர் நின்றதால், ஆலந்தூர் போய் ஏறச் சொன்னார்கள். விசாரித்து விட்டுப் போவது நல்லது.

* திருவொற்றியூர் பக்கம் உள்ளவர்களுக்கு விம்கோ நகர் மெட்ரோ இருக்கிறது. ஆவடி, அம்பத்தூர்காரர்கள் பஸ்சில் கோயம்பேடு வந்து மெட்ரோவில் ஏறலாம்.

* ரெயில் சீசன் டிக்கெட் பஸ்சிலும் மெட்ரோவிலும் செல்லாது. மழைக்காலத்தில் பையில் கூடுதலாகக் கொஞ்சம் பணம் வைத்துக் கொள்ளுங்கள்.

* சுரங்கப்பாதைக்குள் வண்டியை விடாதீங்க. ஒரு அடி தண்ணீரே சின்ன காரை மிதக்க வைக்கும். பைக் சைலன்சரில் தண்ணீர் புகுந்தால் நடுப்பள்ளத்தில் நின்று விடும்.

* ரெயில் நடுவழியில் நின்றால் குதித்து இறங்காதீங்க. பக்கத்துத் தடத்தில் ரெயில் வரலாம். மேலே போகும் கம்பியில் 25 ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அறுந்து கிடந்தால் கிட்டேயே போகக்கூடாது.

நிரந்தர வழி என்ன?

கணேசபுரத்தில் சுரங்கப்பாதைக்கு மேலே மேம்பாலம் கட்டும் வேலையை மாநகராட்சி கையில் எடுத்தது. எல்லா இடத்திலும் மேம்பாலம் கட்ட இடம் கிடையாது. ஆனால் செப்டம்பருக்குள் கால்வாயைத் தூர் வாருவது, பம்பையும் ஜெனரேட்டரையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது, சுரங்கப்பாதை உள்ள இடங்களில் எல்லாம் படியேறிக் கடக்க நடைமேம்பாலம் அமைப்பது ஆகியவை செய்யக்கூடிய காரியங்கள்தான். கால்வாயில் குப்பை போடாமல் இருப்பது நம்ம கையில் இருக்கிறது.

சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீர் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வடிந்து விடும். ஒரு நாள் லேட்டானால் ஆகட்டும். சாயங்காலம் வீட்டில் நமக்காக ஒரு குடும்பம் காத்திருக்கிறது என்பதை தண்டவாளத்தில் கால் வைக்கும் முன் ஒரு நிமிடம் நினைத்தால் போதும்.