மாவட்ட மனநலத் தலைமையும் நிர்வாக அதிகாரமும்: பெரம்பலூர், அரியலூரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஊரக மனநலப் பணிக்குத் தலைமை ஏற்கும் மருத்துவரின் திறனைப் புறநோயாளிப் பதிவேட்டின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கும் போக்கு சுகாதார நிர்வாகத்தில் உண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலையை ஆராய்ந்தால், அப்பணியின் வெற்றி மருத்துவரின் தனித்திறனைக் காட்டிலும், பல துறைகளை ஒருங்கே இயக்கும் அதிகாரமும் நீடித்த பதவிக்காலமும் அவருக்கு வாய்ப்பதையே சார்ந்திருப்பது புலனாகும்.

1982-இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்ட பின், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சியளித்து ஒரு முன்மாதிரியை உருவாக்கியது. அதன் வழியில் 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் முதல் நான்கு மாவட்டங்களுள் தமிழ்நாட்டின் சார்பில் திருச்சிராப்பள்ளி இடம்பெற்றது. ஆனால், 1995-லேயே திருச்சியிலிருந்து பிரிந்துவிட்ட பெரம்பலூரின் பெயர் அப்பட்டியலில் இல்லை. அரியலூரோ 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007-இல் இரண்டாம் முறை பிரிந்தது. மாவட்டத்தையே அலகாகக் கொண்ட ஒரு திட்டத்தில், எல்லைக்கோடு நகரும்போது பணியிடமும் பொறுப்பும் உடன் நகர்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இரு மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 13.2 லட்சம் பேர் வாழ்ந்தனர். மாவட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவர் என்ற திட்ட வரையறையைப் பொருத்திப் பார்த்தால், சராசரியாக 6.6 லட்சம் பேருக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். எனவே, நேரடிச் சிகிச்சையைவிடப் பிறரைச் சிகிச்சையளிக்க வைப்பதே அவருடைய முதன்மைப் பணியாகிறது.

மனச்சிதைவு நோய்க்கு, அதாவது இல்லாத குரல்கள் கேட்பதும் ஆதாரமற்ற சந்தேகங்கள் வலுப்பதுமான நோய்க்கு, அன்றாட மாத்திரைக்கு மாற்றாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. ஆண்டிமடம் வட்டத்து முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்யும் ஒரு தாய், அந்த ஊசிக்காக மகனை அரியலூருக்கு அழைத்துச் சென்றால், மருந்து இலவசமாயினும் அன்றைய கூலி போய்விடும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதைப் போடுவதற்கு மருந்து இருப்பும், பயிற்சி பெற்ற செவிலியரும், தவணை தவறியவரை வீடு தேடிச் செல்லும் பணியாளரும் ஒருங்கே அமைய வேண்டும். மருந்துக் கொள்முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பொறுப்பு. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. வட்ட மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் துறையின்கீழ் வருகிறது. 2022-இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியோ மருத்துவக் கல்வித் துறையின்கீழ் இயங்குகிறது. இவற்றுள் எதற்கும் ஆணையிடும் இடத்தில் இல்லாத ஒருவரிடம், அனைத்தையும் இணைக்கும் கடமை மட்டும் ஒப்படைக்கப்படுகிறது.

தலைமையின் எல்லை மருத்துவத்தோடு முடிவதுமில்லை. அரியலூரை அடுத்த கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், பூச்சிக்கொல்லிகளை வீடுகளில் வைக்காமல் பொதுக் கிடங்கின் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முறை சோதிக்கப்பட்டு, உழவர்கள் அதை ஏற்றனர் என 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூரில் இத்தகைய தற்கொலைத் தடுப்பை மேற்கொள்ள வேளாண்மைத் துறையும் ஊராட்சியும் உடன் நிற்க வேண்டும். மருந்துச் சீட்டால் அது நிறைவேறாது.

2022-இல் தொடங்கப்பட்ட 14416 தொலைபேசி ஆலோசனைச் சேவை இந்த ஒருங்கிணைப்புக் குறையை ஈடுசெய்யும் என்று வாதிடலாம். அழைக்கும் நிலையில் உள்ளவருக்கு அது பயனுள்ளதே. நோய் இருப்பதையே உணராதவர் அழைப்பதில்லை. தமிழ்நாட்டிலும் கோவாவிலும் மகாராஷ்டிரத்திலும் 282 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனைச் சிகிச்சையுடன் சமுதாயப் பணியாளரின் கவனிப்பும் பெற்றவர்களின் அன்றாடச் செயல்திறன், சிகிச்சை மட்டும் பெற்றவர்களினுடையதைவிட ஓரளவு மேம்பட்டது. அப்பணியாளர்கள் தொடர்ந்த மேற்பார்வையில் இயங்கினர் என்பது இங்குக் கருதத்தக்கது. மேற்பார்வைக்கு நிலைத்த தலைமை வேண்டும்.

மனநலச் சிகிச்சையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியுள்ளது. அவ்வுரிமை வேப்பந்தட்டைக்கும் செந்துறைக்கும் எட்ட வேண்டுமாயின், மாவட்ட மனநல மருத்துவரின் பதவியை ஒப்பந்தக் காலங்களுக்கு உட்படாத நிரந்தரப் பணியாகவும், மருந்து இருப்பிலும் பயிற்சியிலும் பிற துறைகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரமுடையதாகவும் அரசு மாற்றியமைக்க வேண்டும்.